கழியில் யாருக்கு என்ன பங்கு?

முட்டுக்காடு முதல் ஓதியூர் வரையுள்ள உப்பங்கழிகளில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பழங்குடியினருக்கு, அந்தத் தண்ணீரின்மேல் எழுதிவைத்த உரிமை எதுவும் இல்லை. அமெரிக்காவில் பழங்குடி மக்கள் சால்மன் மீனில் சரிபாதிப் பங்கைப் பெற்ற வரலாற்றை அருகில் வைத்து, நம் கழிகளின் கணக்கைப் பார்க்கிறது இந்தச் சிறப்புக் கட்டுரை.

இறால் தடவுவதற்கு இடுப்பளவுத் தண்ணீர் போதும். முழங்காலை மடித்து, கழுத்துவரை நீரில் அமிழ்ந்து, இரண்டு கைகளையும் சேற்றில் விரித்தபடி மெல்ல முன்னே நகர வேண்டும். விரலுக்கடியில் இறால் நெளியும் அந்த நொடியில் அமுக்கிவிட வேண்டும். தாமதித்தால் போய்விடும். கெளுத்தியின் முள் குத்தும், நண்டு கவ்வும், கிளிஞ்சல் ஓடு உள்ளங்கையைக் கிழிக்கும். பிடித்ததைப் போட்டுக்கொள்ளப் பனையோலையில் முடைந்த கூடையைப் பல்லில் கவ்வியிருப்பார்கள், கைகள் இரண்டும் சேற்றுக்குள் இருப்பதால். சென்னைக்கு வடக்கே எண்ணூர், பழவேற்காட்டிலும், தெற்கே கோவளம், முட்டுக்காடு கழிகளிலும் இருளர் சமூகத்து ஆண்களும் பெண்களும் இப்படித்தான் மீன் பிடிக்கிறார்கள். வலையும் படகும் இல்லாத தொழில். உடம்பு ஒன்றுதான் முதலீடு.

அதே தண்ணீரைக் கிழக்குக் கடற்கரைச் சாலையின் முட்டுக்காடு பாலத்திலிருந்து பார்த்தால் வேறு உலகம். விடுமுறை நாட்களில் சென்னையிலிருந்து வரும் தூண்டில்காரர்கள் ராடும் ரீலுமாகக் கொடுவாவுக்கும் செப்பிலிக்கும் இரை வீசிக் காத்திருக்கிறார்கள். பக்கத்திலேயே சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத்துறை. 1984 முதல் இயங்குகிறது. விசைப்படகுகள் கழியைக் கிழித்துக்கொண்டு ஓடுகின்றன. முகத்துவாரத்தின் கரையில் கோவளம் குப்பம். கடல் இறங்கவிடாத நாட்களில் குப்பத்து மீனவர்களும் வீச்சுவலையோடு கழிக்குள் வருகிறார்கள்.

ஆக ஒரே கழிக்கு உரிமை சொல்ல நான்கு தரப்பு. படகுத்துறைக்கு அரசாணை உண்டு. குப்பத்து மீனவர்களுக்கு ஊர்ப் பஞ்சாயத்து உண்டு, கூட்டுறவுச் சங்கம் உண்டு, மீன்பிடித் தடைக்காலத்தில் நிவாரணம் உண்டு. ஊடகமும் அரசியலும் அவர்கள் குரலை ஓரளவாவது கேட்கின்றன. பொழுதுபோக்குத் தூண்டில்காரருக்குக் காகிதம் தேவைப்படவில்லை. பாலத்தில் நிற்பவரிடம் உரிமம் கேட்கும் வழக்கம் இங்கே இல்லை. இருளருக்கு? தலைமுறை தலைமுறையாகத் தடவிய இடம் இது என்று காட்ட ஒரு துண்டுச் சீட்டும் கிடையாது.

இந்தக் கரையில் பழங்குடிக்கும் பொழுதுபோக்குத் தூண்டில்காரருக்கும் நடுவே கைகலப்பு நடந்ததாகப் பெரிய செய்தி எதுவும் வந்ததில்லை. அதை வைத்து இங்கே தகராறே இல்லை என்று சொல்லிவிட முடியாது. சண்டை போடுவதற்கே இரண்டு தரப்பு வேண்டும். ஒரு தரப்பின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லாதபோது, அது பின்வாங்கி அடுத்த சேற்றுக்குப் போய்விடுகிறது. அடுத்த சேறும் போனால் செங்கல் சூளைக்கோ அரிசி ஆலைக்கோ முன்பணம் வாங்கிக்கொண்டு போகிறது. கொத்தடிமை முறை 1976இல் சட்டப்படி ஒழிக்கப்பட்ட பின்னும் வடதமிழகத்தில் மீட்கப்படுகிறவர்களில் இருளர் குடும்பங்கள் திரும்பத் திரும்ப இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நிஸ்குவாலி ஆற்றங்கரையில் ஒரு பையன்

இன்றைய அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் இருக்கிறது வாஷிங்டன் மாநிலம். 1854லும் 1855லும் அந்தப் பகுதியின் ஆளுநர் ஐசக் ஸ்டீவன்ஸ் பழங்குடிகளோடு அடுத்தடுத்து ஒப்பந்தங்கள் போட்டார். பழங்குடிகள் பெருவாரியான நிலத்தை எழுதிக்கொடுத்தார்கள். ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்க மறுத்தார்கள். வழக்கமாக மீன் பிடித்துவந்த இடங்களில், மற்றக் குடிமக்களோடு பொதுவாக, தொடர்ந்து மீன் பிடிக்கும் உரிமை அது. ஒப்பந்தத்தில் அது ஏறியது. எழுதியவர்களில் எத்தனை பேர் அதற்குப் பெரிய மதிப்புக் கொடுத்திருப்பார்கள் என்று சொல்வதற்கில்லை. ஆனால் எழுத்தில் இருந்தது.

சால்மன் ஆற்றில் பிறந்து, கடலுக்குப் போய் வளர்ந்து, முட்டையிட மீண்டும் பிறந்த ஆற்றுக்கே திரும்பும் மீன். திரும்பி வரும் வழியில் யார் எங்கே நிற்கிறார் என்பதே பங்கைத் தீர்மானிக்கிறது. முதலில் கடலில் வணிகப் படகுகள் அள்ளுகின்றன. தப்பி வருவதை ஆற்றின் வாயிலிருந்து மேல்நோக்கிப் பழங்குடியின் வலையும் பொழுதுபோக்குத் தூண்டில்காரரின் கொக்கியும் பங்கு போடுகின்றன. இருபதாம் நூற்றாண்டில் அணைகள் எழுந்தன, காடு வெட்டப்பட்டது, டப்பாவில் அடைக்கும் ஆலைகள் டன் டன்னாக விழுங்கின. மீன் குறைந்தது. வரிசையின் கடைசியில், எல்லோர் கண்ணிலும் படும்படி ஆற்றுக்குக் குறுக்கே வலை கட்டியவர்கள் பழங்குடிகள். பழி அவர்கள்மேல் விழுந்தது. தூண்டில்காரர்களின் சங்கங்கள் அந்த வலைகளைத் தடைசெய்யச் சொல்லி மாநில அரசை நெருக்கின.

பில்லி ஃபிராங்க் ஜூனியர் நிஸ்குவாலி பழங்குடியைச் சேர்ந்தவர். 1945இல் தங்கள் ஆற்றில் மீன் பிடித்ததற்காக முதல்முறை கைதானபோது அவருக்கு வயது 14. அதன்பின் ஐம்பது முறைக்கும் மேல் கைதானார். 1960களில் அவரும் மற்றப் பழங்குடியினரும் சட்டத்தை மீறி வெளிப்படையாக மீன் பிடிக்கும் அறப்போராட்டத்தைத் தொடங்கினார்கள். 1964இல் நடிகர் மார்லன் பிராண்டோ பியூயாலப் ஆற்றில் அவர்களோடு படகில் ஏறிக் கைதானார். அதற்குப் பிறகுதான் நாடு திரும்பிப் பார்த்தது. தடியடி, கண்ணீர்ப்புகை, பறிமுதலான வலைகள், உடைந்த படகுகள் என்று அந்தப் பத்தாண்டு கழிந்தது.

வழக்கு கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போனது. நீதிபதி ஜார்ஜ் போல்ட் பழமைவாதி என்று பெயர் எடுத்தவர், அதிபர் ஐசனோவர் காலத்தில் நியமிக்கப்பட்டவர். அவரிடமிருந்து பழங்குடிகளுக்குப் பெரிதாக எதுவும் வரும் என்று பலரும் நினைக்கவில்லை. 1974 பிப்ரவரி 12 அன்று அவர் தீர்ப்பளித்தார். மற்றவர்களோடு பொதுவாக என்றால் சரிபாதி. இனப்பெருக்கத்துக்கு வேண்டியதை ஆற்றில் விட்டபின், பிடிக்கத்தக்க மீனில் பாதி ஒப்பந்தப் பழங்குடிகளுக்கு. அதுவரை அவர்கள் கைக்கு வந்தது ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து.

கொதித்தார்கள் தூண்டில்காரர்களும் வணிக மீனவர்களும். நீதிபதியின் கொடும்பாவி எரிந்தது. மாநில அரசே தீர்ப்பை நிறைவேற்ற இழுத்தடித்தது. 1979இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பின் சாரத்தை உறுதிசெய்தது. 1984இல் பழங்குடி உரிமைக்கு எதிரான ஒரு முன்மொழிவு மாநில மக்கள் வாக்கெடுப்பில் வெற்றியே பெற்றது. ஆனாலும் ஒப்பந்தத்தை அசைக்க முடியவில்லை.

எனக்கு இந்தக் கதையில் பாதி என்ற கணக்கைவிடப் பெரிதாகப் படுவது அதற்குப் பின்னால் நடந்தது. பழங்குடிகள் மீன்வள ஆணையம் ஒன்றை அமைத்துக்கொண்டு, சொந்தமாக உயிரியலாளர்களை வேலைக்கு வைத்தார்கள். இன்று ஒவ்வொரு பருவத்துக்கும் முன்னால் மாநில அதிகாரிகளும் பழங்குடிப் பிரதிநிதிகளும் எதிரெதிரே உட்கார்ந்து, எந்த ஆற்றில் எத்தனை மீன் திரும்பும், யார் எப்போது பிடிக்கலாம் என்று பேசி முடிக்கிறார்கள். பேச்சு முறியும் ஆண்டுகளும் உண்டு. தூண்டில்காரர்கள் இன்றும் முணுமுணுப்பதும் உண்டு. ஆனால் கைவிலங்கோடு கரையில் நின்றவர்களின் பிள்ளைகள் இன்று ஆற்றை ஆளும் இரு தரப்பில் ஒரு தரப்பு. பில்லி ஃபிராங்க் 2014இல் மறைந்தார். அடுத்த ஆண்டு அந்த நாட்டின் உயரிய குடிமக்கள் விருதான அதிபர் பதக்கம் அவருக்கு அளிக்கப்பட்டது.

தூண்டில்காரர் எழுதிய சட்டம்

நம்மிடமும் இந்தத் தகராறு இருந்தது. நம் ஊரில் முதல் காகிதம் தூண்டில்காரர் கைக்குப் போனது என்பதுதான் வித்தியாசம்.

வெள்ளைக்கார அதிகாரிகள் நீலகிரியில் குடியேறியதும் வேட்டையும் தூண்டிலும் அவர்களின் ஓய்வுநேரப் பொழுதானது. 1877இல் அங்கே வேட்டைச் சங்கம் ஒன்று உருவானது. 1879இல் வேட்டை விலங்குகளையும் மீனையும் பாதுகாக்கும் நீலகிரிச் சட்டம் வந்தது. உரிமம், மூடுபருவம், அபராதம் எல்லாம் அதில் அடக்கம். அதே பத்தாண்டில் சென்னை மாகாண சிவில் சர்வீஸ் அதிகாரியான ஹென்றி சல்லிவன் தாமஸ் இந்தியாவில் தூண்டில் பிடிப்பதைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார். ஆற்றில் நஞ்சு கலப்பதையும் சின்னக் கண் வலைகளையும் அடைப்புப் பொறிகளையும் தடுக்க வேண்டும் என்று அரசிடம் வாதாடினார். இந்திய மீன்வளச் சட்டம் 1897இல் வந்ததில் இத்தகைய அதிகாரிகளின் பங்கு உண்டு. வெடியும் நஞ்சும் தடைசெய்யப்பட்டது நல்லதுதான். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ராடு வைத்திருந்தவர் பாதுகாவலர் ஆனார், பொறி வைத்திருந்தவர் திருடர் ஆனார். அந்த மனப்பான்மை சட்டத்தோடு சேர்ந்தே இறங்கியது. அவலாஞ்சியில் குஞ்சு பொரித்து ஓடைகளில் விடப்பட்ட வெளிநாட்டு டிரவுட் மீனுக்குக்கூட உரிமமுறை இருந்தது. அந்த மலையின் பழங்குடிகளுக்கு அப்படி எதுவும் எழுதித்தரப்படவில்லை.

இருளரின் கதை இதைவிடக் கடுமையானது. அவர்கள் காட்டையும் வயலையும் ஏரியையும் கழியையும் சேர்த்தே ஒரு வாழ்க்கையாக வைத்திருந்தவர்கள். எலி பிடிப்பார்கள், கிழங்கு தோண்டுவார்கள், மூலிகை பறிப்பார்கள், பாம்பு பிடிப்பார்கள். ஏரி வற்றும்போது விரால் தடவுவார்கள், கழி நிறையும்போது இறால் தடவுவார்கள். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பாம்புத்தோல் வியாபாரம் நின்றது. அது நிற்க வேண்டியதுதான். ஆனால் அதை நம்பியிருந்த குடும்பங்களுக்கு மாற்று ஏற்பாடு எதுவும் சட்டத்தில் இல்லை. பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் இன்றும் நடக்கிறது. நாட்டில் பாம்புக்கடிக்குத் தயாராகும் முறிமருந்துக்கு வேண்டிய நஞ்சில் பெரும்பகுதி அங்கிருந்துதான் போகிறது. செங்கல்பட்டு மாவட்ட இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

அந்தச் சங்கத்தின் வரலாறு ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறது. குற்றமாகிப்போன ஒரு கைத்திறன், உரிமமும் சங்கமும் கிடைத்ததும் நாட்டுக்கே உயிர்காக்கும் தொழிலானது. பாம்புக்குச் செய்ததை இறாலுக்கு யாரும் செய்யவில்லை. சங்க உறுப்பினர் எண்ணிக்கையோ சில நூறு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு இருளர்கள் ஏறக்குறைய 1.9 லட்சம்.

வன உரிமைச் சட்டம் 2006இல் வந்தபோது, பிரிவு 3(1)இல் நிலப்பட்டா மட்டும் இல்லை. நீர்நிலைகளின் மீனும் பிற விளைபொருள்களும் சமூக உரிமையாகச் சொல்லப்பட்டிருக்கின்றன. இருளர் போன்ற மிகவும் நலிவுற்ற பழங்குடிகளுக்கு வாழிட உரிமை என்று தனியாக ஓர் உட்பிரிவும் இருக்கிறது. படிக்கும்போது முட்டுக்காட்டுக்காகவே எழுதியதுபோல் தோன்றும். ஆனால் அது வனநிலத்துக்கு மட்டும் பொருந்தும் சட்டம். முட்டுக்காடு கழி வருவாய்த்துறைக் கணக்கில் நீர்நிலைப் புறம்போக்கு. காட்டுக்குள் குளத்து மீனைப் பிடிக்கச் சட்டப்படி உரிமை கோரக்கூடிய அதே இருளர், காட்டின் எல்லையைத் தாண்டிக் கழிக்குள் இறங்கினால் அந்த உரிமை கரையோடு நின்றுவிடுகிறது. அமெரிக்கப் பழங்குடிகளுக்கு 1854இன் காகிதம் இருந்ததால் 1974இல் நீதிபதிக்கு அர்த்தம் சொல்ல ஒரு வாக்கியம் இருந்தது. நம் இருளருக்கு அர்த்தம் சொல்லவே வாக்கியம் இல்லை.

ஏரிகளில் நிலைமை இன்னும் இறுக்கம். மீன்பாசி ஏலம் நடக்கும். ஏலம் எடுத்தவர் குஞ்சு விடுவார், காவல் போடுவார். நேற்றுவரை அதே ஏரியில் தடவியவர் இன்று இறங்கினால் திருட்டு. ஏல முன்வைப்புத் தொகை கட்டும் வசதி இருளர் குடியிருப்புகளுக்கு ஏது?

கடலோரத்தின் பழைய ஏற்பாடுகள்

பங்கீடு என்பது நீதிமன்றம் கண்டுபிடித்தது அல்ல. இந்தக் கரைக்கே அது பழக்கம். பழவேற்காட்டில் பாடு முறை இருக்கிறது. ஏரியில் நல்ல இறால் ஓடும் இடங்களைப் பாடுகளாகப் பிரித்து, குப்பத்துத் தலைக்கட்டுகளுக்குள் சீட்டுப் போட்டு முறைவைத்துப் பிடிப்பார்கள். இன்றைக்கு நல்ல பாடு எனக்கு வந்தால் நாளைக்கு உனக்கு. ஆராய்ச்சியாளர்கள் உலகெங்கும் எடுத்துக்காட்டிய ஏற்பாடு இது. அதன் நியாயத்தை நானும் மெச்சுகிறேன். ஆனால் அந்தச் சீட்டு பட்டினவர் என்னும் மீனவச் சமூகத்துக் குப்பங்களின் தலைக்கட்டுகளுக்குள் மட்டுமே சுற்றியது. இருளருக்கும் பட்டியல் சாதியினருக்கும் அதில் இடமில்லை. மிஞ்சிய ஆழமில்லாத ஓரங்களில் கையால் தடவுவதே அவர்களுக்கு விடப்பட்டது. இறால் ஏற்றுமதி சூடுபிடித்து விலை ஏறிய பிறகு அந்த ஓரத்துக்கும் போட்டி வந்தது. நல்ல பங்கீட்டு முறையும் யாரை உள்ளே விடுகிறது என்பதைப் பார்த்துத்தான் மதிப்பிடப்பட வேண்டும்.

கடலில் அரசே ஒரு பங்கீட்டைச் செய்திருக்கிறது. விசைப்படகுகளுக்கும் கட்டுமரங்களுக்கும் நடந்த ரத்தச் சண்டைகளுக்குப் பிறகு வந்த 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம், கரையோர மூன்று கடல்மைலைப் பாரம்பரிய மீனவர்களுக்கு ஒதுக்கியது. மீறல் தினமும் நடக்கிறது. இருந்தாலும் மாமல்லபுரம் குப்பத்து மீனவர் விசைப்படகைக் கைகாட்டி, இது என் எல்லை என்று சொல்ல ஒரு கோடு இருக்கிறது. கழிக்குள் அப்படி ஒரு கோடு கிடையாது.

தெற்கே சிவகங்கை, மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் போனால் மீன்பிடித் திருவிழா. கோடையில் கண்மாய் வற்றும் நேரம் நாள் குறிப்பார்கள். சுற்றுப்பட்டு ஊர்களெல்லாம் ஊத்தா, கச்சா, தூரி என்ற மீன்பிடிக் கருவிகளோடு கரையில் நிற்கும். பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் எல்லோரும் இறங்குவார்கள். சாதி கேட்பதில்லை, கட்டணம் இல்லை. பிடித்ததைப் பெரும்பாலும் விற்கக் கூடாது, வீட்டில் குழம்பு வைக்க வேண்டும். ஒருநாள் ஏற்பாடுதான். ஆனாலும் பணம் உள்ளவரும் இல்லாதவரும் ஒரே தண்ணீரில் ஒரே விதிக்கு உட்பட்டு நிற்க முடியும் என்பது தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குப் புதுச் செய்தி அல்ல.

தூண்டில்காரரின் நோட்டுப் புத்தகம்

பாலத்தில் நிற்கும் தூண்டில்காரரைக் குற்றவாளியாக்குவது என் நோக்கமில்லை. அவர்களில் பலர் பிடித்த மீனைத் திருப்பி விட்டுவிடுகிறார்கள். கழியில் கழிவுநீர் கலந்தால் முதலில் மூக்கைப் பொத்திக்கொள்ளாமல் படமெடுத்துப் புகார் செய்பவர்களும் அவர்களில் இருக்கிறார்கள்.

காவிரியில் ஒரு முன்னுதாரணம் உண்டு. கர்நாடகத்தின் கலிபோரே முகாமில் தூண்டில்காரர்கள் 1998 முதல் 2012 வரை தாங்கள் பிடித்துவிட்ட மாசீர் மீன்களைப் பற்றிக் குறிப்பெடுத்து வைத்திருந்தார்கள். முகாம் மூடப்பட்ட பின் அந்தக் குறிப்புகளை ஆய்ந்தபோதுதான், காவிரிக்கே உரிய திமில் மாசீர் சத்தமில்லாமல் மறைந்துகொண்டிருந்ததும், வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட நீலத்துடுப்பு மாசீர் அதன் இடத்தைப் பிடித்ததும் தெரியவந்தன. அறிவியல் பெயரே 2018இல்தான் அந்த மீனுக்கு உறுதியானது. இப்போது அது அழிவின் விளிம்பில் உள்ள இனங்களின் பட்டியலில். பொழுதுபோக்காக எழுதிய குறிப்பு ஒரு மீனினத்துக்குச் சாட்சியானது. அதே கதைக்குள் எச்சரிக்கையும் இருக்கிறது. நீலத்துடுப்பு மாசீர் ஆற்றுக்குள் வந்ததே தூண்டில்காரர்களுக்கு மீன் பெருக்கித்தரும் நல்லெண்ணத்தில்தான்.

முட்டுக்காட்டின் கொடுவாவும் ஒரு விசித்திரமான மீன். பிறக்கும்போது ஆண். சில ஆண்டுகள் வளர்ந்தபின் பெண்ணாகிறது. ஆகவே கழியில் மாட்டும் மிகப்பெரிய கொடுவாக்கள் அநேகமாக எல்லாமே முட்டையிடும் தாய்கள். படம் பிடித்துப் போடத் தோன்றும் அந்த மீனைத்தான் திருப்பி விட வேண்டும். இதைச் சொல்ல ஆராய்ச்சிக்கு அலைய வேண்டியதில்லை. மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் களநிலையம் முட்டுக்காட்டிலேயே இருக்கிறது. நாட்டில் முதன்முதலாகக் கொடுவாவைத் தொட்டியில் இனப்பெருக்கம் செய்யவைத்தது 1997இல் அங்கேதான். இருளர் குடும்பங்களுக்குக் கூண்டு மீன்வளர்ப்பும் நண்டு வளர்ப்பும் கற்றுத்தரும் வேலையையும் அந்த நிறுவனம் செய்திருக்கிறது. அது விரிவாக வேண்டும். ஆனால் கூண்டு கொடுப்பது தண்ணீருக்கு உரிமை கொடுப்பதாகிவிடாது. கூண்டு மிதக்கும் இடம் நாளை படகுத்துறைக்குத் தேவைப்பட்டால் கூண்டுக்காரர் என்ன காட்டுவார்?

பங்குபோட மீன் இருக்குமா

அமெரிக்க வழக்கு 1974இலோ 1979இலோ முடியவில்லை. அடுத்த கேள்வி வந்தது. மீனே வராத ஆற்றில் பாதிப் பங்கு என்றால் என்ன? சாலைகளுக்கு அடியில் மாநிலம் போட்ட குழாய்ப் பாலங்கள் சால்மனின் வழியை அடைத்திருந்தன. அடைப்பை நீக்குவதும் ஒப்பந்தக் கடமைதான் என்று பழங்குடிகள் வாதாடினார்கள். 2018இல் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் நாலுக்கு நாலாகப் பிரிந்ததால் பழங்குடிகளுக்குச் சாதகமான கீழ்த்தீர்ப்பு நிலைத்தது. மாநிலம் இப்போது கோடிக்கணக்கில் செலவிட்டு அந்தப் பாலங்களை மாற்றிக் கட்டுகிறது. அதனால் தூண்டில்காரர்களுக்கும் மீன் கிடைக்கிறது.

இந்த வழக்கைப் படித்ததும் கோவளம்தான் என் நினைவுக்கு வந்தது. வெள்ளை இறாலும் கருவண்டு இறாலும் முட்டையிடுவது கடலில். குஞ்சு முகத்துவாரம் வழியே கழிக்குள் வந்து, சேற்றில் தின்று வளர்ந்து, கடலுக்குத் திரும்பும். வடகிழக்குப் பருவமழையில் முகத்துவாரம் உடைத்துக்கொண்டு திறக்கும். கோடையில் மணல் மூடும். திறப்பும் மூடலும் முறைப்படி நடந்தால் கழியில் தடவுபவருக்கும் இறால், கடலில் வலை போடுபவருக்கும் இறால். இது கெட்டால் இருவருக்கும் இல்லை.

2025-26 நிதிநிலை அறிக்கையில் தமிழக அரசு திருப்போரூர் பக்கம் கோவளம் துணைவடிநிலத்தில் புதிய நீர்த்தேக்கம் ஒன்றை அறிவித்தது. மாமல்லன் என்று பெயரும் சூட்டியிருக்கிறார்கள். பழைய மாமல்லபுரம் சாலைக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் நடுவே 4,000 ஏக்கருக்கும் மேலான தாழ்நிலத்தில் கரை கட்டி மழைநீரைத் தேக்கிச் சென்னையின் புறநகருக்குக் குடிநீர் தருவது திட்டம். சென்னைக்குத் தண்ணீர் வேண்டும் என்பதை யாரும் மறுக்க முடியாது. நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் ஏற்கெனவே ஓடுகின்றன, பேரூரில் இன்னொன்று எழுகிறது. ஆனால் உவர்நீர்ப் பரப்பை நன்னீர்த் தேக்கமாக மாற்றுவது, மழைக்காலத்தில் முகத்துவாரத்தைத் திறந்துவிடும் வெள்ளத்தைத் தேக்கிக்கொள்வது இரண்டும் இறாலின் வழியில் கைவைக்கும் வேலை. கரையோர மீனவர்கள் எதிர்த்துக் குரல் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் குரலில் குப்பத்து மீனவரும் இருளரும் ஒரே பக்கம் நிற்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். தூண்டில்காரர்களும் அந்தப் பக்கம் வந்து நிற்க வேண்டியவர்கள்.

மூன்று வேலைகள் உடனே நடக்கலாம். புதுச் சட்டம் எதுவும் வேண்டாம். கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை மீனவர் குடியிருப்புகளையும் அவர்களின் பொதுச் சொத்துகளையும் கடலோர மேலாண்மை வரைபடத்தில் குறிக்கச் சொல்கிறது. அந்தப் பட்டியலில் கையால் தடவும் கழி ஓரங்களையும் சேர்த்துக் குறிக்கலாம். மீனவர் நலத்துக்கான 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் வாரியத்தில் கழியில் பிடிக்கும் இருளர்களை வீடு தேடிப் பதியலாம். கழிக்கும் ஏரிக்கும் ஏலம் வரும்போது இருளர் கூட்டுறவுகளுக்கு முன்னுரிமை தர மாவட்ட நிர்வாகத்தால் முடியும். இவற்றோடு, பொழுதுபோக்குத் தூண்டிலுக்கு ஒரு சிறு உரிமக் கட்டணம் வைத்து, அந்தப் பணத்தை முகத்துவாரப் பராமரிப்புக்குத் திருப்புவதைப் பற்றியும் மீன்வளத் துறை தூண்டில்காரர்களைக் கூப்பிட்டுப் பேசலாம். பெரிய கொடுவாவைத் திருப்பி விடுவதையும் அந்த உரிமத்தின் நிபந்தனையாக வைக்கலாம்.

2021 தீபாவளி நாளில் முதலமைச்சர் மாமல்லபுரம் அருகே பூஞ்சேரிக்கு நேரில் போய் நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்கு வீட்டுமனைப் பட்டாவும் சாதிச் சான்றிதழும் கொடுத்தார். ஒரு மாவட்ட நிர்வாகம் மனம் வைத்தால் ஆண்டுக்கணக்காகத் தேங்கிய கோப்பு சில நாளில் நகரும் என்று அன்று எல்லோரும் பார்த்தோம். மனைக்குப் பட்டா வந்தது. அந்த மனையில் அடுப்பெரிய வைக்கும் தண்ணீருக்கு இன்னும் எதுவும் வரவில்லை.

ஒவ்வோர் ஆண்டும் மாசி மகத்துக்கு வடதமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்தும் இருளர் குடும்பங்கள் மாமல்லபுரம் கடற்கரைக்கு வந்து, சேலைகளால் கூடாரம் கட்டி இரவு தங்கி, கன்னியம்மனைக் கும்பிட்டு, பிள்ளைகளுக்குக் கல்யாணமும் செய்துவைத்துப் போகிறார்கள். எந்தக் கழியில் எந்த மாதம் எந்த இறால் ஓடும் என்று அறிந்த பெரியவர்கள் எல்லோரும் அன்று ஒரே மணலில் இருப்பார்கள். வருகிற மாசி மகத்துக்குச் செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியரகம் நில அளவையரையும் மீன்வள ஆய்வாளரையும் கழிகளின் வரைபடத்தோடு அங்கே அனுப்பி, யார் எங்கே தடவுகிறார்கள் என்று அவர்கள் வாயாலேயே கேட்டுக் குறித்துக்கொள்ளட்டும். குப்பத்து ஊர்த்தலைவர்களான நாட்டார்களையும் தூண்டில்காரர்களையும் அதே மேசைக்கு அழைக்கட்டும். நீர்த்தேக்கத்தின் கரை எழுவதற்கு முன்னால் அந்த வரைபடம் தயாராகிவிட வேண்டும்.